விடுபட்டவை மட்டும் குறையா?

‘பொன்னியின் செல்வன் 2’ கல்கிக்குத் துரோகம், ஜெயமோகன் வசனம் எழுதியும் இப்படியா என்று தன் விமர்சனத்தில் கேட்கிறார் நண்பர். ஆதாரமாக அவர் தருவது ஒரு பட்டியல்: மணிமேகலை இல்லை, அது இல்லை, இது இல்லை. 1950 முதல் வாராவாரம் தொடராக வந்த ஐந்து பாகக் கதையை எதையும் விடாமல் யார் படமாக்க முடியும்?

கடம்பூர் மாளிகைக் காட்சியைப் பாருங்கள். இளவரசன் கரிகாலனின் சாவைக் கல்கி இருட்டில் மர்மமாக விட்டார். இயக்குநர் மணிரத்னம் கரிகாலனாக நடித்த விக்ரமையும் அவன் பழைய காதலியாக நடித்த ஐஸ்வர்யா ராயையும் நேருக்கு நேர் நிறுத்துகிறார். பழைய காதலின் வலி அந்த முகங்களில் தெரிகிறது. நாவலில் இப்படி இல்லை என்பதற்காக அதைத் தள்ளுவது ரசனை அல்ல, சரிபார்ப்பு வேலை.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. நாவலில் கோயிலுக்குப் பூக்கட்டிய சேந்தன் அமுதன்தான் அரியணை ஏறுகிறான். இளவரசன் அருள்மொழி அரியணையை விட்டுக்கொடுப்பது அதனால்தான் நெஞ்சைத் தொடுகிறது. படத்தில் சதிக்கு உடன்பட்ட மதுராந்தகனுக்கே முடி போகிறது. வரலாற்றுக்கு இது நெருக்கம் என்பார்கள், இருக்கட்டும். ஆனால் அந்தத் தியாகத்தை நாம் நம்புவதற்கான காரணத்தைப் படம் கட்டி எழுப்பவில்லை. நண்பர் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.