களஞ்சியத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது?



தமிழக அரசின் வரவுசெலவையும் ஊழியர் விவரங்களையும் ஒரே கணினி அமைப்புக்குள் கொண்டுவரும் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம், ஏறத்தாழ 290 கோடி ரூபாய்ச் செலவில் 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று ‘களஞ்சியம்’ என்ற பெயரில் இயங்குகிறது. சம்பளப் பில் முதல் சாலைப்பணி பில் வரை கருவூலத்துக்கு இதன் வழியாகவே போகின்றன. எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எந்த பில் எந்த மேசையில் நிற்கிறது என்பது நிதித்துறைக்கு அன்றன்றே தெரியும். வரி கட்டும் மக்களுக்கோ, தங்கள் வட்டாரத்தில் ஒரு பாலத்துக்கோ பள்ளிக் கட்டடத்துக்கோ எந்தத் தேதியில் எவ்வளவு பணம் போனது என்று பார்க்கும் பொதுச்சாளரம் இல்லை. கேட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடு என்பார்கள். ஆனால் அந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஆவணங்களைக் கணினிமயமாக்கி வலைப்பின்னலில் இணைக்கச் சொல்வதே மக்கள் அவற்றை எளிதில் பார்ப்பதற்காகத்தான். ஒதுக்கீட்டையும் பட்டுவாடா விவரத்தையும் யாரும் கேட்காமலே வெளியிடவும், மனுப் போடும் தேவையையே குறைக்கவும் அதே பிரிவு சொல்கிறது. கணினிமயமாக்கும் பாதியை அரசு செய்துவிட்டது; காட்டும் பாதியை வசதியாக மறந்துவிட்டது.

கணினிக்குள் போய்விட்டால் முறைகேடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையை ஆப்பிரிக்காவின் மலாவி நாடு 2013இலேயே உடைத்தது. அங்கும் இதே போன்ற ஒருங்கிணைந்த நிதி அமைப்பு இருந்தது. உள்ளே நுழையும் அதிகாரம் பெற்றிருந்தவர்களே, நடக்காத வேலைகளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, கொடுத்த பதிவையும் அழித்தார்கள். ஆறே மாதத்தில் 1,300 கோடி குவாச்சாவுக்கு மேல் போனதைத் தடயத் தணிக்கை கண்டறிந்தது. வெளிநாட்டு உதவியும் நின்றுபோனது. அவ்வளவு தூரம் போவானேன்? ஆந்திரத்தில் 2022இல், அரசு ஊழியர்களின் சேமநலநிதிக் கணக்குகளிலிருந்து ஏறத்தாழ 800 கோடி ரூபாய் எடுக்கப்பட்டுவிட்டதாகச் சங்கத்தினர் புகார் எழுப்பினர். தொழில்நுட்பக் கோளாறு என்று அதிகாரிகள் தரப்பில் பதில் வந்தது. காரணம் எதுவாயினும், விஷயம் வெளியே வந்தது பணத்துக்கு உரியவர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடிந்ததால்தான். நெடுஞ்சாலைத் துறையின் பணத்துக்கும் உரியவர்கள் உண்டு. அவர்கள் பார்க்கத்தான் வழி இல்லை.

தணிக்கைத்துறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் நிதியாண்டு முடிந்து, கணக்கு முடித்து, அறிக்கை பேரவைக்கு வருவதற்குள் ஒப்பந்ததாரர் அடுத்த வேலையில் இருப்பார், பொறியாளர் மாறுதலாகியிருப்பார். ஊழியர்களின் அந்தரங்கம் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. தனிநபர் சம்பளம், சேமநலநிதி, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு எண் எதுவும் வெளியே வரக் கூடாது என்றே நானும் சொல்வேன். ஆனால் பொதுப்பணத்தில் நடக்கும் வேலைக்கும் கொள்முதலுக்கும் என்ன அந்தரங்கம்? இணையத் தாக்குதல் நடக்கும் என்ற அச்சத்துக்கும் விடை எளிது: மூல அமைப்பைத் தொடாமல், அன்றாடப் படி ஒன்றைத் தனித் தளத்தில் வைத்தால் போதும். பிரேசில் 2004 முதல் கூட்டாட்சி அரசின் செலவை இப்படித் தனி இணையதளத்தில் வெளியிடுகிறது. 2009இல் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்று சட்டமே இயற்றியது. கணக்குத் தலைப்பு எண்கள் சாமானியருக்குப் புரியாது என்பது கடைசி மறுப்பு. பேருந்துக் கட்டணத்தையும் ரேஷன் அளவையும் பைசா சுத்தமாகக் கணக்கிடும் மக்களைப் பற்றி இப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

வேலையின் பெயர், ஒப்பந்ததாரர், ஒப்புதல் தொகை, பில் வந்த தேதி, பணம் போன தேதி, தொகை: இந்த ஆறும் வெளியானாலே பெரிய மாற்றம் வரும். குறிப்பாக அந்த இரண்டு தேதிகள். ஒருவர் பில் நான்கு நாளில் பாஸாகி இன்னொருவருடையது நான்கு மாதம் கிடந்தால், ஏன் என்று கேட்க ஆளிருக்கும். மார்ச் கடைசி வாரத்தில் அள்ளிக் கொடுப்பதும் அன்றே தெரியும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நிதித்துறையின் ஓர் அரசாணை போதும். பொதுப்பணி, நெடுஞ்சாலை, ஊரக வளர்ச்சி ஆகிய மூன்று துறைகளிலாவது வரும் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இது நடைமுறைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி