சுவரில் தொங்கும் ஒப்பந்தங்கள்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு வார்ப்படப் பட்டறை நடத்துகிறேன். பம்புக்கு வேண்டிய இம்பெல்லர், கேசிங் வார்க்கிறோம். ஆபீஸ் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் நான்கு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. நான்கும் கல்லூரிகளோடு போட்டவை. கையெழுத்தான அன்று சால்வை, போட்டோ, டீ, பிஸ்கட். மூன்று கல்லூரிகளிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

போன மாதம் ஒரு பல்கலைக்கழகம் தன் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டது. வழவழப்பான வரைவு. கற்பித்தல், சமூகப் பணி, தொழில்துறைக் கூட்டு என மூன்று அத்தியாயம். மூன்றுக்கும் தனித்தனிக் குழு. கடைசி அத்தியாயத்தின் இலக்கு நூறு ஒப்பந்தங்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. உயர்கல்வி நிறுவனங்களுக்கான ‘நாக்’ தர மதிப்பீட்டில் நெடுநாளாக இருந்த ஏழு அளவுகோல்களில் மூன்றாவதில் சமூகப் பணியும் ஒப்பந்தங்களும் சேர்ந்தே வந்தன. எண்ணிக்கைக்கு மதிப்பெண் உண்டென்றால் எண்ணிக்கைதான் வளரும்.

நான்காவது கல்லூரியின் கதை வேறு. அங்கிருந்து வந்த மாணவன் இரண்டு வாரச் சான்றிதழோடு கிளம்பாமல் ஆறு வாரம் இருந்தான். எங்களுக்கு அப்போது ப்ளோ ஹோல் தொல்லை; வார்ப்பில் காற்றுத் துளை விழுந்து கழிவு ஏறிக்கொண்டிருந்தது. அவன் தினமும் காலையில் மோல்டிங் மண்ணின் ஈரத்தை அளந்து நோட்டில் எழுதினான். திங்கட்கிழமை வார்ப்பில்தான் துளை அதிகம் என்று தெரிந்தது. ஞாயிறு லீவில் மண் காய்ந்துவிடும். மறுநாள் கண்மதிப்பில் ஊற்றும் தண்ணீர் கூடிவிடும். அந்த ஈரம்தான் ஆவியாகித் துளை போட்டது. எங்கள் மோல்டர் அண்ணன், மண்ணைக் கைக்குள் பிடித்து உடைத்து ஈரம் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவன் அவருக்குக் கருவியில் அளக்கக் கற்றுக்கொடுத்தான். இதில் யார் வாத்தியார், யார் மாணவன்?

இப்படிக் களத்தில் கற்பது ஒன்றும் புதுசில்லை. 1926-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தின் வளாகத்துக்குள்தான் 1951-இல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பட்டறைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வகுப்பு. படிப்புக்கு நடுவே தொழிற்கூடத்திலும் பயிற்சி பெறும் ‘சாண்ட்விச்’ படிப்பு அங்கே இன்றும் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956-இல் தொடங்கிய கிராமிய நிறுவனத்தில், மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது படிப்பிலேயே ஒரு பகுதி.

மற்ற இடங்களில் சமூகப் பணி என்றால் நாட்டு நலப்பணித் திட்ட முகாம். 1969-இல் தொடங்கிய நல்ல திட்டம்தான். ஆனால் ஏழு நாள் முகாமில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போனால் என்ன மிஞ்சும்? அதே ஊரில் குறைந்த மின்னழுத்தத்தால் மோட்டார் காயில் கருகிக்கொண்டிருக்கும். ஆழ்துளைக் கிணற்று மணல் அரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்கும். அது எங்களைப் போன்ற பட்டறையில் வார்த்த இம்பெல்லராகவே இருக்கலாம். மின்னியல் மாணவர்கள் வேளை வேளைக்கு மின்னழுத்தத்தை அளக்கட்டும். இயந்திரவியல் மாணவர்கள் தேய்ந்த இம்பெல்லரை எடுத்துக்கொண்டு என்னிடம் வரட்டும். பாடம், சேவை, தொழில் மூன்றும் அந்த ஒரே கிணற்றுக்குள் கிடக்கின்றன. மூன்று குழு எதற்கு?

கூட்டத்தில் நான் கேட்டது இவ்வளவுதான்: நூறு ஒப்பந்தம் வேண்டாம், பத்துப் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு பிரச்சினையின் பெயர் இருக்கட்டும். ஐந்து வருஷமும் அதே ஊர், அதே பட்டறை. மாணவனுக்கு ஆறு வாரமாவது கொடுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். கோடை விடுமுறையில் ஆசிரியரும் வரட்டும்; அவர் கையிலும் மண் படட்டும். எங்கள் பக்கமும் தப்பு உண்டு. வருகிற பிள்ளைகளை டீ வாங்கவும் பில் எழுதவும் அனுப்பும் முதலாளிகளோடு ஒப்பந்தமே போடாதீர்கள்.

நல்ல கருத்து என்று குறித்துக்கொண்டார்கள். கிளம்பும்போது ஒரு பேராசிரியர் ஒப்பந்தப் படிவத்தை நீட்டினார்.

“திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குப் பட்டறைக்கு வாங்க சார். மண்ணைப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டுக்கலாமுங்க” என்றேன்.