தண்ணீர் குடித்துச் செத்தார்களாம்!

1959ம் வருஷம் மார்ச் 3ந் தேதி. கென்யா நாட்டில் ஹோலா என்ற ஊரில் பிரிட்டிஷார் நடத்திய தடுப்புக்காவல் முகாம். அன்று அந்த முகாமில் 11 கைதிகள் பிணமானார்கள். எப்படிச் செத்தார்கள்? காலனி சர்க்கார் முதலில் வெளியிட்ட அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? தண்ணீர் வண்டியிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். அதன் பிறகு செத்தார்கள்!

பிண விசாரணையில் இந்தப் புளுகு உடைந்தது. அதிகாரிகள் வகுத்த திட்டப்படி வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட கைதிகள், வேலை செய்ய மறுத்தார்கள். காவலர்கள் அவர்களைத் தடியால் அடித்தே கொன்றார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் தொழிற்கட்சி அங்கத்தினர் பார்பரா காஸில் இந்த அக்கிரமத்தை எடுத்து முழங்கினார். எதிர்வரிசையிலிருந்த ஈனாக் பவல்கூடத் தன் கட்சி சர்க்காரைச் சாடினார். ஆனாலும் அந்தப் பதினோரு உயிர்களுக்காக ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படவில்லை.

ஹோலாவில் செத்தவர்கள் செய்த குற்றம் என்ன? மண்ணைக் கேட்டதுதான். கென்யாவின் செழிப்பான மேட்டு நிலங்களை வெள்ளைக் குடியேற்றக்காரர்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிவிட்டது. கிக்கூயு உழவர்கள் தங்கள் மண்ணிலேயே கூலிகளானார்கள். நிலமும் விடுதலையும் கேட்டு அவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அதற்கு 'மௌ மௌ பயங்கரம்' என்று பெயர் சூட்டியது ஏகாதிபத்தியம். 1952 அக்டோபர் 20ல் கவர்னர் ஈவ்லின் பேரிங் அவசர நிலையைப் பிரகடனம் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் முள்வேலிக் கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அந்தக் காலம் முழுவதிலும் கொல்லப்பட்ட வெள்ளைக் குடியேற்றக்காரர்கள் 32 பேர்.

மௌ மௌ பக்கத்திலும் ரத்தக்கறை உண்டு. 1953ல் லாரி என்ற ஊரில் நடந்த படுகொலையை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால் கிளர்ச்சிக்காரனுக்குத் தூக்குமரம் இருந்தது. முகாம்களுக்கு உத்தரவிட்ட பெரிய துரைகளுக்கு என்ன இருந்தது? அவர்களைக் கேட்க எந்தக் கோர்ட்டு இருந்தது?

தாங்கள் செய்வது குற்றம் என்று அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். காலனியின் அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ் 1957ல் கவர்னருக்கு எழுதியதைப் பாருங்கள். பாவம் செய்வதானால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று எழுதினார். சட்டத்தைக் காக்க வேண்டியவரே சட்டத்தை ஏய்க்க வழி சொன்னார்!

பாவத்தைச் செய்தவர்கள் அதன் தடயத்தையும் அழிக்க முனைந்தார்கள். விடுதலை பெறப்போகும் நாடுகளின் கையில் மேன்மை தங்கிய ராணியின் சர்க்காருக்குச் சங்கடம் தரும் காகிதங்கள் சிக்கக்கூடாது என்று 1961ல் காலனி மந்திரி அயன் மக்லௌட் காலத்தில் உத்தரவு பறந்தது. ஒரு பகுதி தீக்கு இரையாயிற்று. ஒரு பகுதி கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில், சரித்திர ஆசிரியர்களின் கண்ணில் படாமல், அரை நூற்றாண்டு அது பூட்டியே கிடந்தது.

கென்யா 1963ல் சுதந்திரம் பெற்றது. ஆனால் சுதந்திர கென்யாவிலும் மௌ மௌ இயக்கத்தின் மீதிருந்த பழைய தடை 2003ல்தான் நீங்கியது. அதற்குப் பிறகே பழைய போராளிகள் பகிரங்கமாகச் சங்கம் கூட முடிந்தது. 2009ல் ஐந்து முதியவர்கள், ஆணும் பெண்ணுமாக, லண்டன் ஹைகோர்ட்டின் கதவைத் தட்டினார்கள்.

பிரிட்டிஷ் சர்க்கார் சொன்ன பதில் என்ன? 1963ல் ஆட்சியைக் கென்யாவிடம் ஒப்படைத்துவிட்டோம்; பொறுப்பும் அதோடு போய்விட்டது; கேட்பதானால் கென்யா சர்க்காரைக் கேளுங்கள்!

தோழர்களே, இந்தப் பேச்சை நாம் எங்கோ கேட்டதுபோல் இல்லையா? சம்பளப் பாக்கியைக் கேட்டால், "ஆலையை விற்றுவிட்டேன், புது முதலாளியிடம் போய்க் கேள்" என்பானே பழைய முதலாளி! அதே பேச்சுத்தான். அடித்தவன் ஒருவன், அடிபட்டவனின் சொந்த சர்க்கார் அதற்கு ஈடு கட்ட வேண்டுமாம்! 2011 ஜூலையில் நீதிபதி மக்கோம்ப் இந்த வாதத்தின் பேரில் வழக்கைத் தள்ள மறுத்தார்.

அந்த ஆண்டிலேதான் பூட்டிவைத்த பெட்டிகளும் திறந்தன. கென்யாவைப் பற்றி மட்டும் சுமார் 1,500 கோப்புகள். முன்னாள் காலனிகள் 37 சம்பந்தமாக மொத்தம் சுமார் 8,800 கோப்புகள். டேவிட் ஆண்டர்சன், கரோலைன் எல்கின்ஸ், ஹியூ பென்னட் ஆகிய சரித்திர ஆசிரியர்கள் இந்த வழக்குக்குத் துணை நின்றார்கள். அடுத்து, "காலம் கடந்துவிட்டது, சாட்சிகள் செத்துவிட்டார்கள்" என்று சர்க்கார் வாதாடியது. 2012 அக்டோபரில் அதுவும் செல்லவில்லை. எழுத்து மூலமான சாட்சியம் ஏராளமாக இருக்கிறது. நியாயமான விசாரணை நடத்த முடியும் என்றார் நீதிபதி. அவர்கள் ஒளித்துவைத்த தஸ்தாவேஜே அவர்களுக்கு எதிராக வாய் திறந்தது!

அதன் பிறகுதான் கர்வம் இறங்கிற்று. 2013 ஜூன் 6ல் வெளிநாட்டு மந்திரி வில்லியம் ஹேக் பார்லிமெண்டில் எழுந்து, சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். 5,228 பேருக்கு, வழக்குச் செலவு உள்பட, ஒரு கோடியே 99 லட்சம் பவுன் கொடுப்பதாக அறிவித்தார். 'உளமார வருந்துகிறோம்' என்றார். அதே மூச்சில், சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பு இல்லை என்றும் சொல்லிவைத்தார்.

இதுவும் நமக்குப் பழகிய தந்திரம்தான். யந்திரத்தில் கை போன தொழிலாளிக்கு 'கருணைத் தொகை' கொடுத்துவிட்டு, "நிர்வாகத்தின் மீது தவறில்லை" என்று கைநாட்டு வாங்கிக்கொள்வதில்லையா? அந்தக் கருணைதான் இது. செலவைக் கழிக்காமல் பங்கிட்டாலும் ஆளுக்கு 4,000 பவுன் தேறாது. இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1833ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது பிரிட்டன் 2 கோடி பவுன் நஷ்ட ஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கா? இல்லை, அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு! அதற்காக வாங்கிய கடன் 2015ல்தான் தீர்ந்தது. சவுக்குப் பிடித்தவனுக்கு அந்தக் காலத்துப் பணத்தில் 2 கோடி. சவுக்கடி பட்டவனுக்கு இந்தக் காலத்துப் பணத்தில் 2 கோடிக்கும் குறைவு!

அத்தோடு கதவைச் சாத்தியும் விட்டார்கள். நாற்பதாயிரம் கென்யர்கள் தொடுத்த இன்னொரு வழக்கு, காலம் கடந்துவிட்டது என்று 2018ல் தள்ளுபடியாயிற்று. 2023 அக்டோபரில் நைரோபிக்குச் சென்ற மன்னர் சார்லஸ், அந்தக் கொடுமைகளுக்குச் சமாதானம் சொல்ல முடியாது என்றார், வருந்தினார், மன்னிப்புக் கேட்கவில்லை. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூறாவது ஆண்டான 2019ல் பிரதமர் தெரஸா மே நமக்குத் தந்ததும் இந்த 'வருத்தம்'தான். மன்னிப்பு என்று சொன்னால் பொறுப்பு வரும். பொறுப்பு வந்தால் பாக்கி வரும். அதனால்தான் அந்த ஒரு வார்த்தை அவர்கள் தொண்டையில் சிக்குகிறது!

நூரம்பர்க்கில் 1946ல் நாஜித் தலைவர்களுக்குத் தீர்ப்பு வழங்கிய நான்கு வல்லரசுகளில் பிரிட்டனும் ஒன்று. மேலதிகாரி உத்தரவிட்டார் என்ற சாக்கு செல்லாது என்று அங்கே உலகுக்குப் போதித்தார்கள். அது சரியான தீர்ப்பு. நாமும் அதை வரவேற்கிறோம். ஆனால் அதற்கு ஆறே ஆண்டுகளில் கென்யாவில் முள்வேலி போட்டார்களே! பெர்லினுக்கு ஒரு தராசு, நைரோபிக்கு ஒரு தராசு என்றால் அதற்குப் பெயர் சர்வதேச நீதியா?

பிரிட்டிஷ் மக்கள் நமக்கு விரோதிகள் அல்லர். இந்த வழக்கை நடத்திய வக்கீல்களிலும் சாட்சி சொன்ன சரித்திர ஆசிரியர்களிலும் அந்த நாட்டாரும் உண்டு. நாம் கணக்குக் கேட்பது அந்நாட்டுச் சர்க்காரிடம். நமது கோரிக்கை எளிது. மிச்சமுள்ள காலனித் தஸ்தாவேஜுகள் அனைத்தையும் அந்தந்த நாட்டு மக்களின் பார்வைக்குத் திறந்துவிடு. சித்திரவதை வழக்கில் காலாவதி என்ற சாக்கைக் கைவிடு. வருத்தம் என்ற மழுப்பலை விட்டு மன்னிப்புக் கேள், பொறுப்பை ஏற்றுக்கொள்.

கேட்டவுடனே கொடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். 2013ல் கிடைத்ததுகூட லண்டன் துரைகளின் மனம் இளகியதால் கிடைத்ததல்ல. தள்ளாத வயதிலும் சங்கமாய்க் கூடி, விடாமல் கதவைத் தட்டிய கிழவர்களும் கிழவிகளும் வாங்கியது அது. தண்ணீர் குடித்துச் செத்தார்கள் என்று எழுதிய சர்க்காரை, ஆம், சித்திரவதை நடந்தது என்று அதே பார்லிமெண்டில் சொல்லவைத்தார்கள். மீதியும் அந்த வழியில்தான் வரும்.