எத்தனை வீடுகள் கூடும்?

சிங்கப்பூரில் ஒரு பழைய பேட்டை இடிக்கப்படுகிறது என்றால், அங்கே எத்தனை புதிய வீடுகள் எழும் என்பதே பெரிய செய்தியாகிறது. எத்தனை வீடுகள் மறையும் என்பதைப் பலர் கேட்பதில்லை.

தங்ளின் ஹால்ட் வட்டாரத்தைப் பாருங்கள். அங்கிருந்த பத்து மாடிக் கட்டடங்களை மக்கள் ஹொக்கியன் மொழியில் 'சாப் லாவ்' என்று அழைத்தனர். பத்து மாடி என்பதே அதன் பொருள். 2014இல், 'செர்ஸ்' எனப்படும் மறுமேம்பாட்டுத் திட்டத்திற்கு 31 புளோக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றில் 3,480 வீடுகள் இருந்தன. அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 5,500 புதிய வீடுகள் கட்டப்படும் என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அப்படியானால், அங்கு உண்மையில் கூடுபவை சுமார் 2,000 வீடுகளே. அதுவும் உடனே அல்ல. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் அந்த நிலம் ஒருவருக்கும் வீடு தருவதில்லை. வெளியேறுவோருக்கோ, இடிப்பதற்கு முன்பே வேறிடத்தில் வீடு தயாராக இருக்க வேண்டும். அங்கே அவர்களுக்காக அருகிலுள்ள டாசனில் வீடுகள் கட்டப்பட்டன.

காகிதத்தில் கணக்குப் போடுவது எளிது. 10,000 சதுர மீட்டர் நிலத்தில் அதைப்போல் 3 மடங்கு தளப்பரப்பைக் கட்ட அனுமதி உண்டு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 100 சதுர மீட்டர் என்றால் 300 வீடுகள் கிடைக்கும். ஆனால் படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி எல்லாம் அந்தப் பரப்பிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். அங்கே ஏற்கெனவே 200 வீடுகள் இருந்தால், கூடுபவை 100கூட இல்லை.

பாய லேபார் ஆகாயப்படைத் தளம் 2030களில் இடம் மாறத் தொடங்கும். அதன்பின் அங்கும் அதைச் சுற்றியும் ஏறத்தாழ 150,000 வீடுகள் கட்டலாம் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஓடுபாதையில் யாரும் குடியிருப்பதில்லை. ஆகவே அங்கே கழிக்க வேண்டியது குறைவு. மக்கள் வாழும் பேட்டைகளுக்கு அதே கணக்கைப் போடுவது தவறு.

1995இல் தொடங்கிய செர்ஸ் திட்டத்திற்கு வீவக வீடுகளில் சுமார் 5 விழுக்காடே ஏற்றவை. இடித்துக் கட்டினால் நிறைய வீடுகள் கூடும் இடங்கள் அவ்வளவுதான். மற்றப் பேட்டைகளுக்காக 2018இல் 'வெர்ஸ்' திட்டம் அறிவிக்கப்பட்டது. இதில் வீடுகளுக்கு 70 வயதாகும்போது, குத்தகைக் காலம் முடியுமுன் அவற்றை அரசாங்கத்திடம் விற்கலாமா என்று குடியிருப்பாளர்களே வாக்களிப்பார்கள். அவர்கள் 'வேண்டாம்' என்றால், வரைபடத்தில் எழுதிய எண்ணிக்கைக்குப் பொருளில்லை. எனவே, நகரில் இன்னும் எத்தனை வீடுகள் கட்டலாம் என மதிப்பிடுவோர், அந்த வாக்குகளை எண்ணும்வரை தங்கள் எண்ணை உறுதியானதாகக் காட்டக்கூடாது.

தோ பாயோவில் 1960களில் கட்டப்பட்ட புளோக்குகளுக்கு 2030களில் 70 வயதாகும். கீழே காப்பிக்கடை, நடந்துபோகும் தூரத்தில் சந்தை, பல ஆண்டுகளாகப் பழகிய அண்டைவீட்டார் என வாழ்ந்துவிட்ட மூத்தோர் அங்கே பலர். புதிய வீடு எத்தனையாவது மாடியில் கிடைக்கும் என்பதைவிட, அது எந்த வட்டாரத்தில் கிடைக்கும் என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.