ஊசி மிளகாய் காய்க்கிறது, குடைமிளகாய் ஏன் அடம் பிடிக்கிறது?

தாமான் வீட்டு முன்வாசலாக இருந்தாலும் சரி, கொண்டோமினியத்தின் பால்கனியாக இருந்தாலும் சரி, நம்மவர் வீட்டில் கறிவேப்பிலைக்கு அடுத்த இடம் மிளகாய்ச் செடிக்குத்தான். சம்பல் அரைக்க, ரசத்துக்குக் கிள்ளிப் போட, மோரில் நசுக்கிப் போட என்று தினமும் கை அதைத் தேடும்.

ஊசி மிளகாயில் கை பழகியதும் பலருக்கும் குடைமிளகாய் மேல் ஆசை வருகிறது. காரம் சாப்பிடாத பிள்ளைகளும் விரும்பும் காய். கடையில் விலையும் அதிகம். வாங்கி வந்த சிவப்புக் குடைமிளகாயை நறுக்கும்போது விதையை எடுத்துத் தொட்டியில் போடுகிறார்கள். முளைக்கிறது, வளர்கிறது, பூக்கிறது. பிறகு ஒவ்வொரு பூவாக உதிர்கிறது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று செடியைப் பிடுங்கிப் போடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காரணம் தெரிந்தால் இதே இடத்தில் இனிப்பு மிளகாயும் பறிக்கலாம்.

இரவுச் சூடுதான் காரணம்

மிளகாய் இனம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. கொலம்பஸ் 1492இல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகே அது கடல் கடந்தது. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கும் நம் வட்டாரத்துக்கும் வந்தது. அதுவரை தமிழர் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் ஆயிற்று.

ஊசி மிளகாய்க்கு வெப்பமும் ஈரமும் ஒத்துப்போகும். பெரிய குடைமிளகாய் அப்படியல்ல. பகலில் 32 பாகைக்கு மேலும் இரவில் 24 பாகைக்கு மேலும் போனால் அதன் மகரந்தம் வலுவிழந்து, பூ காயாகாமல் உதிரும். கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போ, ஜொகூர் பாரு போன்ற சமவெளி ஊர்களில் பல நாள்களில் இரவுகூட அந்த அளவுக்குக் கீழே இறங்குவதில்லை. கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவுக் குளிர் இருப்பதால்தான் அங்கே மழைக்கூடாரத்துக்குள் குடைமிளகாய் நன்றாகக் காய்க்கிறது.

கடைக் காயின் விதையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கலப்பின ரகம். அந்த விதையில் வரும் செடி தாயைப் போல் இருக்கும் என்று சொல்ல முடியாது. பச்சைக் குடைமிளகாயோ முதிராத காய். அதன் விதை பெரும்பாலும் முளைப்பதே இல்லை.

ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் விதைக் கடையில் சிறிய காய் தரும் இனிப்பு ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். விரல் நீளத்தில் காய்ப்பவையும், வாழைப்பழம் போல் நீண்டு மஞ்சளாகக் காய்ப்பவையும் உண்டு. காய் சிறிதாக இருக்கும் ரகங்கள் பொதுவாக வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்.

தொட்டியும் மண்ணும்

விதையை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் ஊன்றி ஈரம் காயாமல் பாருங்கள். 7 முதல் 14 நாளில் முளைக்கும். நான்கைந்து உண்மை இலை வந்ததும், அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்தில், பெரிய தொட்டிக்கு மாற்றலாம். ஒரு செடிக்கு 10 லிட்டர் மண் பிடிக்கும் தொட்டி வேண்டும். பழைய பெயிண்ட் வாளியாக இருந்தால் நன்றாகக் கழுவி, அடியில் ஐந்தாறு துளை போடுங்கள்.

கறுப்பு மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. கோழிச் சாணம் என்றால் நன்றாக மக்கியதாக இருக்கட்டும். பச்சையாகப் போட்டால் வேர் கருகும்.

ஊசி மிளகாய்க்குக் குறைந்தது ஆறு மணி நேர வெயில் தேவை. இனிப்பு மிளகாயைக் கிழக்கு பார்த்த இடத்தில் வையுங்கள். காலை வெயில் முழுவதும் விழட்டும். பிற்பகல் வெயிலுக்குக் கறுப்பு வலை கட்டுங்கள். கொதிக்கும் சிமெண்டுத் தரையில் தொட்டியை நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் வேர்ப் பகுதி குளிர்ந்திருக்கும். காற்றே வராத பால்கனியா? காலை ஒன்பது பத்து மணிக்குப் பூத்த கிளையை விரலால் மெல்லத் தட்டுங்கள். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் அந்த அசைவே போதும்.

தண்ணீரில் கவனம்

ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவது மிளகாய்க்கு ஆகாது. அப்படிச் செய்தால் செடியால் சுண்ணாம்புச் சத்தைக் காய்க்குக் கொண்டுசேர்க்க முடியாது. காயின் நுனி கறுத்து அழுகும். இது நோயல்ல. மருந்து தேடாமல் தண்ணீரை ஒழுங்காக ஊற்றினாலே அடுத்த காய் சரியாகும். விரலை மண்ணில் நுழைத்துப் பாருங்கள். மேல் இரண்டு சென்டிமீட்டர் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். டிங்கியால் பாதிக்கப்படுவது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுத் தாத்தாவாகவும் இருக்கலாம். கொசு வளர இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. பால்கனியில் தட்டு இல்லாமல் முடியாது என்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள். காலி வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள்.

பச்சை உரம், நீல உரம்

உரக்கடையில் விற்கும் 15-15-15 பச்சை உரம் இலையும் தண்டும் வளர. 12-12-17 நீல உரம் பூவும் காயும் பிடிக்க. செடி முழங்கால் உயரம் வரும்வரை பச்சை, பூ தொடங்கியதும் நீலம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி போதும். தண்டில் படாமல் தொட்டியின் ஓரமாகப் போட்டு நீர் ஊற்றுங்கள். பச்சை உரத்தையே தொடர்ந்து கொட்டினால் செடி காடு போல் வளரும், காய் மட்டும் இருக்காது.

இலை சுருண்டால்

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் இருக்கலாம். கீழ்நோக்கி வளைந்து தடித்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் இருக்கலாம். ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, முதலில் இரண்டு இலையில் தெளித்துப் பாருங்கள். மறுநாள் கருகவில்லை என்றால் மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

இலை சுருண்டதோடு மஞ்சளாகி, செடியும் குள்ளமாகவே நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது. மனம் வராவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறிவதுதான் மற்ற செடிகளுக்கு நல்லது.

பச்சையாக நின்ற செடி திடீரென்று துவண்டால் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றையும் மறுபடி வைக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம். புகையிலையும் அதே குடும்பம்தான். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே செடியைத் தொடச் சொல்லுங்கள். புகையிலை நச்சுயிரி விரல் வழியாகவே செடிக்குப் போகும்.

பக்கத்தில் வைத்தால் காரம் ஏறுமா?

பலரும் கேட்பது இது. ஊசி மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்ததால் இந்த ஆண்டு இனிப்புக் காய் உறைக்காது. காயின் சதை தாய்ச் செடிக்குச் சொந்தம். ஆனால் மகரந்தம் கலந்திருந்தால், அந்தக் காயின் விதையில் வரும் அடுத்த தலைமுறை உறைக்கலாம். காரக் குணம் ஓங்கியது, இனிப்புக் குணம் ஒடுங்கியது. ஆகவே பக்கத்தில் வைப்பதில் தவறில்லை. விதை மட்டும் எடுக்காதீர்கள்.

காரம் விதையில் இருப்பதாகச் சொல்வதும் சரியல்ல. விதையைத் தாங்கி நிற்கும் வெள்ளை நரம்பில்தான் அது உண்டாகிறது. அதை வழித்தெடுத்தால் பெரிய மிளகாயின் காரம் நன்றாகக் குறையும். நறுக்கிய பின் கை எரிந்தால் முதலில் சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போடுங்கள். அதன் பிறகே குழந்தையைத் தூக்குங்கள். நாக்கு எரிந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது.

எப்போது விதைப்பது?

விதையிலிருந்து முதல் பறிப்புக்கு ஏறக்குறைய நான்கு மாதம் கணக்கு வையுங்கள். பொங்கலுக்குப் பறிக்க செப்டம்பர் நடுவில் விதைக்க வேண்டும். இடையில் ஆண்டிறுதி மழை வரும். பழுத்த காயில் வட்டமாகக் குழிந்த புள்ளி விழுந்தால் அது காயழுகல் நோய். அந்தக் காய்களைக் கிள்ளி எறியுங்கள். தொட்டிகளைக் கூரை ஓரத்துக்கு நகர்த்துங்கள். நீரை இலையில் அல்ல, வேரில் ஊற்றுங்கள்.

இடமும் நேரமும் குறைவு என்பவர்கள் ஊசி மிளகாய் இரண்டு, இனிப்பு ரகம் ஒன்று என்று மூன்று தொட்டியோடு தொடங்குங்கள். ஊசி மிளகாய் நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஓராண்டுக்கு மேலும் காய்க்கும். வீட்டுக்குப் போக மிச்சம் இருப்பதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எதிர்வீட்டு மக்சிக்கும் கொடுங்கள். நீங்கள் பாலேக் கம்போங் போகும் நாள்களில் உங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவது அவர்கள்தான்.

அடுத்த வாரம்: தொட்டியில் கறிவேப்பிலை கிளைத்து வளர எங்கே வெட்டுவது?