பக்கம் அடுக்குவதும் ஆய்வாளர் கடனே

“எழுதுவது ஆய்வாளர் வேலை; பக்கம் அடுக்குவது அச்சகத்தார் வேலை.” நம் துறைகளில் வேதவாக்காக உலவும் இக்கூற்றை நான் மறுக்கிறேன்.

சென்ற ஆண்டு தில்லியில் நாங்கள் நடத்திய தமிழ்க் கருத்தரங்குக்கு 22 பக்கச் சுருக்கத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டோம். பிடிஎஃப் கோப்பை ஏற்க மறுத்த கடைக்காரர், பக்கம் பிரிக்க மூலக் கோப்பு வேண்டும் என்றார். கொடுத்தோம். அவருடைய பழைய மென்பொருளில், எழுத்துக்கு முன் நிற்க வேண்டிய கொம்புகள் பின்னால் போய் நின்றன. கட்டுரையாளர் பெயர்களே சிதைந்து அச்சேறின. மறு அச்சுக்குக் காலமும் இல்லை, காசும் இல்லை. தமிழறியாத அவரைக் குறை சொல்லேன்; குற்றம் எங்களுடையது.

நாங்கள் அறியாதிருந்த கணக்குதான் எத்தனை எளியது! நடுவில் மடித்துத் தைக்கும் நூலின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஆகவே 22 பக்கத்தோடு இரண்டு வெற்றுப் பக்கம் சேர்த்து 24. ஏ4 தாளில் ஆறு. முதல் தாளின் முகப்பில் 24, 1. பின்புறம் 2, 23. அடுத்த தாளில் 22, 3; பின்புறம் 4, 21. எப்பக்கம் கூட்டினும் 25. இருபுற அச்சில் குறுகிய விளிம்பில் திருப்புமாறு அமைத்தல் வேண்டும். தவறினால் பின்பக்கம் தலைகீழாகும்.

இதற்கு விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸ், 2024 சனவரியில் வெளியான 1.6 பதிப்பு முதல் தமிழ் ஒருங்குறி எழுத்துகளைச் செவ்வனே கோக்கிறது. ஆயின் அது பக்கங்களை வரிசையாகவே தரும். மடிப்புக்கேற்ப அடுக்கித் தராது. கட்டற்ற மென்பொருள் அனைத்தையும் செய்யும் என முழங்கும் நண்பர்கள் இதனை மறைக்க வேண்டா. அவ்வேலையைப் பிடிஎஃப்ஜாம் என்னும் கருவி ஒரே கட்டளையில் முடிக்கும், அதுவும் இலவசமே. எழுத்துருவை உள்ளடக்கி, பக்கம் அடுக்கி முடித்த பிடிஎஃப் கோப்பைக் கொடுத்துவிட்டால், கடைக்காரர் நம் மூல எழுத்தைத் தொட வேண்டிய தேவையே எழாது.

“இது எழுத்தர் பணியன்றோ?” என்பீர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா., கும்பகோணத்தில் ஆசிரியப் பணி செய்துகொண்டே சென்னைக்குச் சென்று அச்சுப் பணியை நேரில் மேற்பார்த்தவர். அவருக்குத் தாழ்வாகத் தோன்றாதது நமக்கு மட்டும் தாழ்வாகத் தோன்றுவது ஏன்? பாடவேறுபாட்டில் ஓரெழுத்துக்காக ஒரு திங்கள் வாதிடுகிறோம். அவ்வெழுத்தை அச்சில் சிதையவிட்டுக் கைகட்டி நிற்கிறோம். இது புலமையன்று, புலமை வேடம்.

ஆய்வு நெறிமுறைப் பாடத்தில் மேற்கோள் முறைக்குப் பல வகுப்புகள் ஒதுக்குகிறோம். பக்கம் அடுக்க ஒரே ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். அதுவரை, அச்சுப் பிழைக்கு அச்சகத்தைப் பழிக்கும் உரிமை நமக்கில்லை.