மன்றாட்டும் பொறுப்பும்

நாலந்தாவுக்குச் செல்வோர் அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயிலைக் கண்டு, திராவிடக் கட்டடக்கலையும் பௌத்த மரபும் அதிற் கலந்துள்ள திறத்தை வியப்பர். அவர்களை அங்குக் கொண்டுசெல்லும் சாலையின் வரலாற்றை நினைப்போர் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தே சென்றனர். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. இறந்தோர் தொகை பற்றி ஆய்வாளர் முரண்படுவர். பலர் இறந்தனர் என்பதில் முரண்பாடு இல்லை.

அக்காலத்து ஆங்கிலத் திருச்சபையின் பொதுச் செபநூல், ஞாயிறு, புதன், வெள்ளி ஆகிய நாட்களில் ஓதுதற்கு நீண்டதொரு மன்றாட்டை விதித்திருந்தது. நிலத்திலும் நீரிலும் பயணஞ் செய்வோர், நோயாளர், ஒடுக்கப்பட்டோர் யாவரும் அதிலே நினைக்கப்பட்டனர். அச்சபையைச் சார்ந்த துரைமாரும் அதிகாரிகளும் அதற்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டோர். எனினும் நாலந்தாச் சாலையில் நடந்தோருக்கு நிழலும் நன்னீரும் மருந்தும் வேண்டிய அளவு கிடைத்தில. நிலவழிப் பயணிகள் செபத்தில் இடம்பெற்றனர். செலவுக் கணக்கில் இடம்பெறவில்லை.

1854இல் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு தமிழ்க் கூலி மிசன் தொடங்கியது. அது எழுத்தறிவு புகட்டியமை மறுக்கற்பாலதன்று. ஆயின், முதலாளிகளின் ஆதரவில் நிற்கும் பணி அம்முதலாளிகளையே வினாவுதல் எளிதோ?

இதுகொண்டு, பிறர்க்காக மன்றாடுதலே வீண் என்பார் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. சோதோம் நகருக்காக ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்து வரை இறைவனோடு வாதாடினான். தன் மக்களை மன்னிக்காவிடின் தன் பெயரையும் அழித்துவிடுமாறு மோசே வேண்டினான். இவர்கள் பிறர் துன்பத்தை இறைவனிடம் ஒப்படைத்துவிட்டு விலகிச் சென்றவரல்லர். அத்துன்பத்திலே தம்மையும் பிணைத்துக்கொண்டவர். மன்றாடுவோனைப் பொறுப்பாளியாக்குவதே மன்றாட்டின் இயல்பு. உடையும் உணவும் அற்றவனை வெறும் நல்வாழ்த்தோடு அனுப்புவதை யாக்கோபின் நிருபம் கண்டிப்பதும், குருதி படிந்த கைகளோடு செய்யும் வேண்டுதலைக் கடவுள் கேளார் என ஏசாயா முழங்குவதும் இதனாலன்றோ?

'எம்மால் இயன்றது செபம் ஒன்றே' என்பது இன்றும் ஆலயங்களிற் கேட்கும் சொல். அதனை உண்மையாகவே கூறத் தக்கவர் நோயிற் கிடப்போரும் சிறையில் இருப்போரும் ஆவர். வாக்கும் கல்வியும் செல்வாக்கும் உடையோர் அதனைக் கூறுவது பணிவன்று, பொய்யாகும். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்நிலையை முடிவுறுத்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவு காலமும் ஏழை எளியோருக்காக மன்றாடாத ஆலயம் இந்நாட்டில் உண்டோ? ஆயினும், அவர்களை ஏழையாக்கிய சட்டத்தைப் பெயர் சொல்லிக் கண்டித்த பீடங்கள் எத்தனை?

இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியிலே சத்யோதய நிலையத்தை நிறுவித் தோட்ட மக்களின் உரிமைக்காக உழைத்தார். செபம் செயலுக்குப் பகையன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று. பிறர்க்காக முழந்தாளிடுவோன் எழுந்தபின் எங்குச் செல்கிறான் என்பதே அவன் மன்றாட்டின் உரைகல். எழுந்து தன் வீட்டுக்கே செல்வானாயின், அவன் வேண்டியது தன் மன அமைதிக்காகவேயன்றிப் பிறர்க்காக அன்று.